பிரேம்காரர் வெட்டிய ஓரம்

பிரேம்காரர் ஓவியர் அல்ல. இதை நாமே முதலில் சொல்லிவிடுவது நல்லது; அவராகச் சொல்ல மாட்டார். முப்பது வருடமாகக் கடைக்கு வந்த ஒவ்வொரு படத்தையும் கை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, "ம்" என்பார். அந்த "ம்" நீளமாக வந்தால் படம் தேறிவிட்டது. குட்டையாக வந்தால் வரைந்தவர் தலையைக் குனிந்துகொண்டு அளவு சொல்லிவிட்டுப் போவார். கல்லூரிப் பட்டமளிப்புப் போட்டோவுக்குக்கூட அவர் "ம்" போட்டதுண்டு. பட்டம் வாங்கிய பெண் இன்றைக்கும் அந்தப் பக்கம் வருவதில்லை.

கடை பதினோரு அடிக்கு எட்டடி. சுவர் முழுக்க, கூரை வரைக்கும், பிரேம் மூலைகளின் மாதிரித் துண்டுகள் தொங்கும். தங்க நிறம், தேக்கு நிறம், கறுப்பு, பூவேலை செய்தது, செய்யாதது. தெருவிலிருந்து பார்த்தால் நூறு பேர் சுவருக்குள் நின்று முழங்கையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருப்பது போல இருக்கும். நடுவில் வெட்டு மேசை. அந்த மேசையில் அவருக்கு இணை கிடையாது. இதில் நாம் கேலி செய்ய ஒன்றும் இல்லை. படத்துக்கும் பிரேமுக்கும் நடுவே ஒரு அட்டை வைப்பார்கள், மவுண்ட் என்று பெயர். அதில் ஜன்னல் மாதிரி ஒரு சதுரம் வெட்டி, அதன் விளிம்பைச் சரிவாகச் சீவ வேண்டும். அவர் சீவிய விளிம்பில் விரலை ஓட்டினால் வெண்ணெயில் ஓட்டியது போல இருக்கும்.

மாலை ஐந்து மணிக்குக் கடையில் கலை விவாதம் தொடங்கும். பழைய ஓவியமா, நவீன ஓவியமா, எது உயர்ந்தது என்பது பொருள். பங்கேற்பவர்கள் இரண்டு பேர். ஒருவர் பிரேம்காரர். இன்னொருவர் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற டிராயிங் மாஸ்டர். அருவி வரைவதில் வல்லவர், இதுவரை நாற்பது அருவிகள் விழுந்திருக்கின்றன. இருவரும் பழைய கட்சி. எதிர்க்கட்சி ஒருநாளும் கடைப்பக்கம் வந்ததில்லை. ஆகவே விவாதம் தினமும் ஒருமனதாக முடியும்.

"அந்தக் காலத்துல ஒரு விரல் நகம் வரைய ஆறு மாசம் எடுத்துக்கிட்டான்பா," என்பார் மாஸ்டர். "இன்னிக்கு ஆறே நிமிஷத்துல ஒரு ஊரையே வரைஞ்சுடறான். இதுல நகம் எது, நாய் எதுன்னு கேட்டா கோவிச்சுக்கறான்."

பிரேம்காரர் டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டுத் தம் புகழ்பெற்ற வாக்கியத்தைச் சொல்வார். "மாடர்ன் படத்துல எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் மாஸ்டர் புரியும். எங்க முடியுதுன்னு. அதுவும் நான் பிரேம் போட்டதால."

மாஸ்டர் ஆயிரத்து ஒன்றாவது முறையாகப் புரையேறச் சிரிப்பார்.

இந்த ஆனந்தமான வாழ்க்கையில் அக்கா குறுக்கே வந்தாள்.

அக்கா பிரேம்காரரைவிட ஆறு வயது மூத்தவள். ஓர் அச்சகத்தில் முப்பத்தோரு வருடம் பிழை திருத்துகிற வேலை. அடுத்தவர் எழுதியதை வரி வரியாகப் படித்து, தப்பு கண்ட இடத்துக்கு நேராகப் பக்கத்தின் ஓரத்தில் குறி போட வேண்டும். பழக்கம் கையை விடவில்லை. தம்பியின் கல்யாணப் பத்திரிகையில் இரண்டு பிழை கண்டுபிடித்தாள், அச்சடித்து ஊரெல்லாம் கொடுத்த பிறகு. போன வருடம் ஓய்வு பெற்றாள். அதிலிருந்து பகலில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஏதோ செய்கிறாள் என்று குடும்பத்துக்குத் தெரியும். தியானம் என்று முடிவு கட்டினார்கள். கௌரவமான காரணம் கிடைத்துவிட்டதால் யாரும் கதவைத் தட்டிக் கேட்கவில்லை.

நூலகத்தின் மாடியில் உள்ளூர் ஓவியர்களின் கண்காட்சி ஒன்று ஏற்பாடாயிற்று. பன்னிரண்டு படங்கள். பழைய பாணியும் உண்டு, புதிய பாணியும் உண்டு. சுவர் ஒரே சீராக இருக்க வேண்டும் என்று நூலகர் அம்மாள் எல்லாப் படத்துக்கும் ஒரே அளவு பிரேம் என்று விதித்தார். பன்னிரண்டும் நம் பிரேம்காரரிடம் வந்தன. பன்னிரண்டாவது படம் வந்தபோது அவர் கடைக்குப் பின்னால் இருந்த வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தார். திரும்பி வந்தவரிடம் மனைவி ஒரு சுருளை நீட்டினாள்.

"உங்க அக்கா வந்துட்டுப் போனாங்க. கண்காட்சிக்காம்."

"என்ன இது?"

"படம்."

"யாரோடது?"

"அவங்களோடது."

"அக்காவா? படமா?"

"ஏன், அவங்களுக்குக் கை இல்லையா? 'வேற எங்கயும் குடுக்க மனசு வரலை, என் தம்பி கை சுத்தம்'னாங்க. பத்திரமா வைக்கச் சொன்னாங்க."

பிரேம்காரர் சுருளை மேசையில் விரித்து நான்கு மூலையிலும் எடை வைத்தார். தடித்த, நல்ல தாள். நடுவில் ஒன்றும் இல்லை. பென்சில் புள்ளிகூட இல்லை. நான்கு ஓரத்திலும் மட்டும், மூன்று விரல் அகலத்துக்கு, நிறங்கள். சின்னச் சின்னக் கோடுகள், சுழிகள், குறுக்கு வெட்டுகள், பாதியில் விட்ட வளைவுகள்.

இங்கே தொழில் சங்கதி ஒன்றைச் சொல்ல வேண்டும். நீர்வண்ணம் தீட்டுகிறவர்கள் தூரிகையை நிறத்தில் முக்கியதும் படத்தில் வைத்துவிட மாட்டார்கள். தாளின் ஓரத்தில் ஒருமுறை தொட்டுப் பார்ப்பார்கள், நிறம் சரியா, ஈரம் அதிகமா என்று. அந்தக் கறைகள் வெளியே தெரியாமல் ஓரத்தை மவுண்டுக்கு அடியில் மறைப்பதும், தாள் பெரிதாக இருந்தால் வெட்டி எறிவதும் பிரேம் போடுகிறவன் வேலை. கேட்டுக்கொண்டெல்லாம் செய்ய மாட்டான். மீனைச் சுத்தம் செய்கிறவன் செதிலை என்ன பண்ணட்டும் என்றா கேட்கிறான்?

அக்காவின் தாள் நூலகத்து அளவைவிட ஒவ்வொரு பக்கமும் சரியாக மூன்று விரல் பெரிது.

"படம் எங்கடி?" என்றார்.

"கையிலதானே இருக்கு."

"இது தொட்டுப் பார்த்த நிறம். படம் எங்கன்னு கேக்கறேன்."

"எனக்கென்ன தெரியும்? அவங்களுக்குப் போன் போட்டுக் கேளுங்க," என்று சொல்லிவிட்டு மனைவி உள்ளே போய்விட்டாள்.

பிரேம்காரருக்கு உள்ளூரச் சிரிப்பு வந்தது. அக்காவும் அந்தக் கட்சியில் சேர்ந்துவிட்டாள்! நடுவில் வெறும் தாள், அதற்கு ஒரு பிரேம். எஃகு அளவுகோலை வைத்தார். கத்திக்குப் புது பிளேடு மாட்டினார். மேல் ஓரம் போயிற்று. வலது ஓரம் போயிற்று. கீழ் ஓரத்துக்கு வந்தபோது ஒரு சிவப்புக் கோடு கண்ணில் பட்டது. மயிரிழை அகலம். கீழ் ஓரம் முழுக்க ஒரே சீராக ஓடி, இடது மூலையில் நிதானமாகத் திரும்பி, இடது ஓரத்தில் மேலே ஏறியது.

தூரிகையைத் தொட்டுப் பார்க்கிறவர்கள் மூலையில் திரும்ப மாட்டார்கள். இது அவருக்குத் தெரியும். அந்த ஊரிலேயே வேறு யாரையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும்.

கத்தி நின்றது. ஒரு வாய் டீ குடிக்கிற நேரம் நின்றது. போன் கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தது. அப்போது அவர் நினைத்தது அக்காவை அல்ல. மணி நாலரை, ஐந்துக்கு மாஸ்டர் வருவார், இந்த வெற்றுத் தாளைக் காட்டினால் ஒரு மாதத்துக்குப் பேசலாம் என்று நினைத்தார். கத்தி நகர்ந்தது.

வெட்டிய துண்டுகளை அவர் வீணாக்குவதில்லை. கண்ணாடி ஆடாமல் இருக்கப் பிரேமுக்குள் செருகத் தடித்த தாள் வேண்டும். மாஸ்டரின் அருவிப் படம் பக்கத்தில் தயாராகிக்கொண்டிருந்தது. கீழ் ஓரமும் இடது ஓரமும் மடிந்து அதற்குள் போயின. மற்ற இரண்டும் குப்பைக் கூடைக்குப் போயின. மாஸ்டர் வந்தார், வெற்றுத் தாளைப் பார்த்தார், யாருடையது என்று கேட்காமலே சிரித்தார். யாருடையது என்று பிரேம்காரரும் சொல்லவில்லை. இதை நாம் கூச்சம் என்று எழுதி அவரைக் காப்பாற்றலாம். எழுதவில்லை.

திறப்பு விழா அன்று காலை படங்களின் அச்சடித்த பட்டியல் கடைக்கு வந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவருக்கு மனைவி வாசித்துக் காட்டினாள்.

"ஆறு, 'பெரிய அருவி'. மாஸ்டரோடது. ஏழு, 'ஓரம்'. உங்க அக்காவோடது." நிறுத்தினாள். "ஏங்க, ஓரத்தை நீங்க என்ன பண்ணினீங்க?"

"தண்ணி கொண்டா," என்றார் பிரேம்காரர். தண்ணீர் பக்கத்திலேயே இருந்தது.

எழுந்து போய்க் குப்பைக் கூடையைக் கவிழ்த்தார். இரண்டு துண்டுகள் கிடைத்தன. ஒன்றில் டீக் கறை. மற்ற இரண்டும் நூலகத்துச் சுவரில், அருவிக்குப் பின்னால், நேற்றே ஏறிவிட்டன. போன் அடித்தது. அக்கா. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. மூன்றாவது முறை மனைவி எடுத்து அவர் காதில் வைத்துவிட்டாள்.

"டேய், நல்லா வந்திருக்காடா?"

"வந்திருக்குக்கா."

"ஓரம் மவுண்டுக்குள்ள போயிடலையே?"

"போகலை."

இந்தப் பதில் ஒருவகையில் உண்மை. ஓரம் மவுண்டுக்குள் போகவில்லை.

"நேத்து ராத்திரி தூக்கமே வரலடா," என்று சிரித்தாள் அக்கா. "இந்த வயசுல பரீட்சைக்குப் போற மாதிரி இருக்கு. நீ போட்ட பிரேம்ல என் படம்னா, அது போதும் எனக்கு. வச்சுடறேன்."

பிரேம்காரர் போனைக் கீழே வைத்தார். மனைவி தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். 

நூலகத்து மாடியில் நாற்பது பேர் கூடியிருந்தார்கள். திறப்பு விழாவை ஒட்டி 'பழையதா, புதியதா?' என்று ஒரு சின்ன விவாதமும் உண்டு. பழையதற்கு மாஸ்டர். புதியதற்குப் பேச வேண்டிய கல்லூரி விரிவுரையாளருக்குத் தொண்டை கட்டிக்கொண்டதால் அவர் வரவில்லை. இங்கேயும் விவாதம் ஒருமனதாகவே நடந்தது.

பிரேம்காரர் ஏழாம் எண்ணுக்கு முதுகு காட்டி நின்றார். ஐம்பத்து நாலு வயது மனிதர் ஒரு படத்தை முதுகால் மறைக்கப் பார்ப்பதை நாம் கலை ஆர்வம் என்று சொல்ல முடியாது. அக்கா வருகிற பேருந்து தாமதமாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். அது தாமதமானது. அவர் வேண்டுதல் பலித்த அளவுக்கு யாருக்கும் பலிக்க வேண்டாம்.

"தள்ளிக்கப்பா கொஞ்சம்," என்றார் மாஸ்டர் பேச்சின் நடுவே. "எல்லாரும் பாருங்க. ஏழாம் நம்பர். நான் யாரையும் குறை சொல்லல. வெறும் பேப்பர். மருந்துக்குக்கூட ஒரு கோடு கிடையாது. இதுக்குப் பேரு 'ஓரம்'. எந்த ஓரம்? எதுக்கு ஓரம்? என் அருவியில நனையாமப் போக முடியாது. இதுல எதை எடுத்துட்டுப் போவீங்க? இதைப் பத்தி நம்ம பிரேம்காரர் ஒண்ணு சொல்வாரு. அவர் வாயாலயே கேளுங்க. வாப்பா!"

பிரேம்காரர் முன்னால் வந்தார். உண்மையைச் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தார். சத்தியமாக அதற்குத்தான். ஆனால் முப்பது வருடமாக அந்த வாய் ஒரே தடத்தில் ஓடிப் பழகியது.

"மாடர்ன் படத்துல எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் புரியும்," என்றது வாய். "எங்க முடியுதுன்னு. அதுவும் நான் பிரேம் போட்டதால."

நாற்பது பேரும் சிரித்தார்கள். அவர் ஆயுளில் அந்த வாக்கியத்துக்கு அவ்வளவு பெரிய சிரிப்பு கிடைத்ததே இல்லை.

சிரிப்பு அடங்கும்போது அக்கா வாசலில் நின்றிருந்தாள். தோளில் பை, புது செருப்பு. அவளும் சிரித்த முகமாகத்தான் இருந்தாள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாவிட்டாலும் தம்பி பேசிக் கூட்டம் சிரிப்பதில் அவளுக்குப் பெருமை. நேராகத் தன் படத்தை நோக்கி நடந்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். மேலே பார்த்தாள், வலது பக்கம், கீழே, இடது பக்கம். மறுபடி மேலிருந்து தொடங்கினாள்.

"டேய்," என்றாள், திரும்பாமலே. "ஓரம் எங்க?"

"எந்த ஓரம்மா?" என்றார் மாஸ்டர்.

"நான் வரைஞ்ச ஓரம்."

"நீங்களா? இது நீங்க வரைஞ்சதா? பட்டியல்ல பேரைக் கவனிக்கலையே!" மாஸ்டர் பிரேம்காரரைப் பார்த்தார். "சரி, ஓரத்துல வரைஞ்சீங்க. நடுவுல?"

"நடுவுல ஒண்ணும் இல்ல மாஸ்டர். பக்கத்தோட நடு எப்பவும் எழுதினவங்களோடது. முப்பத்தோரு வருஷம் எனக்குன்னு இருந்தது ஓரம்தான். அதைத்தான் வரைஞ்சேன்." வீட்டு விலாசம் சொல்வது போலத்தான் சொன்னாள்.

கொஞ்சம் முன்பு சிரித்த நாற்பது பேருக்கும் அந்தச் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சிலர் பட்டியலைப் படித்தார்கள். ஒருவர் அருவியைப் பார்த்தார்.

"தவறிப்போச்சுக்கா," என்றார் பிரேம்காரர். "தொட்டுப் பார்த்த நிறம்னு நினைச்சு வெட்டிட்டேன்."

அக்காவின் முகம் ஒரு கணம் காகிதம் மாதிரி ஆயிற்று. பிறகு அவள் செய்ததுதான் பிரேம்காரரை இன்றுவரை படுத்துகிறது. கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி அவருக்காக வாதாடினாள்.

"அவன் மேல தப்பு இல்லைங்க. வரையறவங்க ஓரத்துலதான் நிறம் பாப்பாங்க. அதை வெட்டறது இவங்க தொழில் வழக்கம். நான்தான் சொல்லிக் குடுத்திருக்கணும். முதல் படம் பாருங்க, எனக்கும் தெரியல." தம்பியிடம் திரும்பினாள். "விடுடா. துண்டு இருக்கா?"

இரண்டு துண்டுகள் அவர் சட்டைப் பையில் இருந்தன. மற்ற இரண்டும் எங்கே என்று சொல்லவேண்டி வந்தது.

"என் அருவிக்குப் பின்னாடியா?" மாஸ்டர் நெஞ்சில் கை வைத்தார். "என் படத்துக்குள்ள மாடர்னா? எத்தனை நாளா?"

அருவியை இறக்கிக் குப்புறக் கவிழ்த்து, பிரேம்காரர் குறடால் ஆணிகளைப் பிடுங்கினார்.  மடிந்த துண்டுகளை மாஸ்டரே உருவி எடுத்தார். நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். அவரைப் பற்றி நாம் என்ன சொன்னாலும் நாற்பது வருடம் பிள்ளைகளின் கோடுகளைப் பார்த்த கண் அது. இரண்டு துண்டுகளையும் கவிழ்ந்த பிரேமின் மேல், மூலையோடு மூலை சேரும்படி வைத்தார். சிவப்புக் கோடு ஓடி வந்து, திரும்பி, ஏறியது.

"ஏம்ப்பா," என்றார் மெதுவாக. "இது மூலையில திரும்புதே. இதைப் போய்த் தொட்டுப் பார்த்ததுன்னு எப்படி நினைச்சே?"

அவர் குற்றம் சாட்டவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

பிரேம்காரர் குறடைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா கண்ணாடியைக் கழற்றினாள்.

"பாத்தியாடா?"

"பாத்தேன்."

"எப்ப?"

"வெட்டறப்ப."

"நின்னியா?"

"நின்னேன்க்கா."

"அப்புறம்?"

 பதில் மாஸ்டர் வடிவத்தில் எதிரே நின்றுகொண்டிருந்தது. மாஸ்டருக்கே அது தெரியாது.

அக்கா கத்தவில்லை, அழவில்லை. துண்டுகள் நான்கையும் பைக்குள் வைத்தாள். நூலகர் அம்மாள் தயங்கித் தயங்கி வந்து, படத்தை எடுத்துவிடலாமா என்று கேட்டார்.

"இருக்கட்டும்மா. கீழ எழுதி மட்டும் வையுங்க."

"'ஓரங்கள் தவறுதலாக வெட்டப்பட்டன'ன்னு போட்டுடலாமா?"

"தவறுதலா வேணாம். மீதி சரி."

அந்த அட்டை பத்து நாள் அங்கே இருந்தது. அதை மாட்டியவரும் பிரேம்காரர்தான். நீர்மட்டம் வைத்து, ஒரு நூல்கூடச் சாயாமல் மாட்டினார். மாட்டியதை ஒரு பெண்மணி நின்று வாசித்தாள். "யாரு வெட்டினதாம்?" என்று அவரிடமே கேட்டாள். அவர் சொன்னார். அவள் ஓரடி தள்ளி நின்றுகொண்டாள்.

கடையில் ஐந்து மணி விவாதம் தொடர்ந்தது. இப்போது பொருள் முழங்கால் வலி. மாஸ்டர் ஒருநாள் மட்டும், டீக் குவளையைக் கீழே வைத்துவிட்டு, "ஆனா அந்தச் சிவப்பு, ஒரே மூச்சுல இழுத்திருக்காங்கப்பா," என்றார். பிரேம்காரர் கண்ணாடி துடைத்தார்.

அந்தத் தெருவின் எதிர்ச் சாரியில் இன்னொரு பிரேம் கடை உண்டு. இதுவரை நாம் சொல்லாததற்குக் காரணம், நம் பிரேம்காரர் அதை ஒரு கடை என்று ஒத்துக்கொண்டதில்லை என்பதே. அங்கே பசை வழியும். மூலைகள் வாயைப் பிளக்கும். மவுண்ட் வெட்டுவது கத்தியாலா, பல்லாலா என்று அவரே பலமுறை கேட்டிருக்கிறார்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு முற்பகலில் அக்கா வந்தாள். கக்கத்தில் நீளமான ஒரு சுருள்.

"வாங்க அண்ணி," என்று மனைவி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அக்கா உட்கார்ந்தாள், தண்ணீர் குடித்தாள், வெயிலைத் திட்டினாள். "முழங்கால் எப்படிடா இருக்கு? எண்ணெய் போடறியா?" என்று தம்பியைக் கேட்டாள். கேள்வியில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அவள் எழுந்தபோது பிரேம்காரர் பழக்கத்தில் கையை நீட்டினார், சுருளை வாங்க. அக்கா அதை மறு கக்கத்துக்கு மாற்றிக்கொண்டாள்.

"வரேன்டா."

இரண்டு பக்கமும் பார்த்துத் தெருவைக் கடந்தாள். எதிர்க் கடைக்காரன் கையிலிருந்த பசையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு சுருளை வாங்கினான். அவள் மேசையில் விரித்து, விரலால் நான்கு பக்கமும் காட்டிக் காட்டி, நெடுநேரம் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான்.

நாலு நாளில் படம் அவன் கடை வாசலில் காயச் சாத்தியிருந்தது. பிரேம்காரர் அதைப் பார்ப்பதற்கென்று தெருவைக் கடக்கவில்லை. பால் வாங்கப் போகிறவர் போலப் போய்ப் பார்த்தார். மவுண்ட் இடது பக்கம் அரை விரல் கோணல். ஒரு மூலையில் பசை பொங்கி உறைந்திருந்தது. நான்கு ஓரமும் உள்ளே இருந்தன.